புகையைக் காட்டும் பொட்டு



அணு என்ற சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலருக்கு ஹிரோஷிமா, நாகசாகி என்னும் இரண்டு ஊர்கள் நினைவுக்கு வருகின்றன. வேறு சிலருக்குக் கல்பாக்கமும் கூடங்குளமும் நினைவுக்கு வரலாம். எனக்கோ, சில காலமாக, அமராவதிக் கரையில் உள்ள எங்கள் தாராபுரத்துப் பழைய இரும்புக் கடை ஒன்றும், அங்கே இருந்த ஒரு பழைய நெய் டின்னுமே நினைவுக்கு வருகின்றன. அந்த டின்னுக்குள் இருந்தது என்ன, அதனால் நான் கற்றுக்கொண்டது என்ன என்பதைத்தான் இன்று உங்களிடம் சொல்ல விரும்புகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியன், தான் செய்த ஒரு பிழையையும் சேர்த்துச் சொல்லும் பேச்சு இது.

எங்கள் பக்கத்தில் மூடப்பட்ட நூற்பாலை ஒன்றின் தட்டுமுட்டுச் சாமான்களை என் பழைய மாணவர் ஒருவர் மொத்தமாக விலைக்கு வாங்கினார். பழைய இரும்பு, தகரம், மின்கம்பி ஆகியவற்றை வாங்கி விற்பது அவர் தொழில். ஒரு நாள் மாலை, உள்ளங்கையில் அடங்கும் வெள்ளை நிறப் பிளாஸ்டிக் டப்பி ஒன்றை எடுத்துக்கொண்டு என் வீட்டுத் திண்ணைக்கு வந்தார்.

“ஏனுங்க வாத்தியாரய்யா, இது என்னன்னு கொஞ்சம் பாருங்க. ஆலையோட மேல்கூரையிலே வரிசையா மாட்டியிருந்தாங்க. அடியிலே மூணு இதழ்ப் பூவாட்டம் ஓர் அடையாளம் போட்டிருக்குது. இதுக்குள்ளே அணுகுண்டு இருக்குதுன்னு வேலையாள் பயப்படறானுங்க” என்றார்.

நான் அதை வாங்கிப் பார்த்தேன். அது புகையறி கருவி. ‘ஸ்மோக் டிடெக்டர்’ என்று வழக்கில் சொல்லுகிறார்களே, அதுதான். மூவிதழ் அடையாளம் கதிரியக்கப் பொருள் இருப்பதைக் காட்டும் உலகப் பொதுக்குறி. மூடி ஏற்கெனவே கழற்றப்பட்டிருந்தது. உள்ளே ஒரு சிறு உலோகக் கூண்டு. கூண்டின் நடுவே நெற்றிப் பொட்டினும் சிறிய, பளபளக்கும் ஒரு தகடு.

“தம்பி, இது குண்டும் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தப் பொட்டில் அமெரிசியம் என்ற பொருள் ஓர் இம்மியளவு இருக்கிறது. தங்கத்தோடு சேர்த்து அடித்த தகடு அது. அதிலிருந்து வரும் கதிரை ஒரு காகிதமே தடுத்துவிடும்” என்றேன். பாடம் சொல்லிப் பழகிய வாய். அறிந்ததைச் சொன்ன மகிழ்ச்சி எனக்கு. அவரும் அச்சம் தீர்ந்தவராக விடைபெற்றார்.

நான் சொன்னவை அனைத்தும் உண்மைதான். ஆயினும் அன்று இரவு எனக்கு உறக்கம் கலைந்தது. ஏன் கலைந்தது என்பதைச் சொல்லும் முன்பு, அந்தப் பொட்டு கூரையில் இருந்துகொண்டு என்ன செய்கிறது என்று விளக்கிவிடுகிறேன்.

சாதாரணக் காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் அமெரிசியத்திலிருந்து ஆல்ஃபாத் துகள்கள் இடைவிடாது பாய்ந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு துகளும் இரண்டு புரோட்டான்களும் இரண்டு நியூட்ரான்களும் சேர்ந்த கட்டி. நொடிக்கு ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. இத்தனை வேகம் இருந்தும், காற்றில் நான்கு சென்டிமீட்டர் தொலைவு செல்வதற்குள் களைத்து நின்றுவிடுகிறது. அந்தச் சிறு தொலைவுக்குள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட காற்று மூலக்கூறுகளை மோதி, அவற்றிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிரித்துவிடுகிறது. இவ்வாறு மின்னூட்டம் பெற்ற காற்று, கூண்டில் உள்ள இரு தகடுகளுக்கும் இடையே மிக நுண்ணிய மின்னோட்டத்தைச் செல்ல விடுகிறது. புகை நுழைந்தால், புகையின் நுண்துகள்கள் மின்னூட்டம் பெற்ற இந்த அணுக்களைப் பற்றிக்கொள்ளுகின்றன, மின்னோட்டம் குறைகிறது. குறைந்ததை உணர்ந்த சுற்று உடனே மணியை அலறச் செய்கிறது. மூக்கு இல்லாமலே புகையை முகரும் உபாயம் இது.

இந்த உபாயம் கிடைத்த விதமும் சுவையானது. 1930-களின் பிற்பகுதியில் ஸ்விட்சர்லாந்து நாட்டு விஞ்ஞானி வால்ட்டர் யேகர் என்பவர் நச்சுவாயுவைக் கண்டறியும் கருவி ஒன்றைச் செய்ய முயன்றார். வாயுவை உள்ளே செலுத்திப் பார்த்தார், கருவி அசையவில்லை. மனம் சோர்ந்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார். அந்தப் புகை பட்டதும் கருவியின் முள் அசைந்தது. தேடியது கிடைக்கவில்லை, தேடாதது கிடைத்தது.

அமெரிசியம் உலகுக்கு அறிமுகமானதிலோ, வானொலிக்கே ஒரு பங்கு உண்டு. 1944-ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து ஆராய்ச்சிக்கூடத்தில் கிளென் சீபோர்க்கும் அவருடைய கூட்டாளிகளும் 95-ஆம் தனிமமாகிய இதனை உண்டாக்கினார்கள். போர்க்காலமாகையால் செய்தி மறைத்து வைக்கப்பட்டது. போர் முடிந்த பின், 1945 நவம்பர் 11-ஆம் நாள், சிறுவர்களுக்கான ‘குவிஸ் கிட்ஸ்’ என்ற வானொலி நிகழ்ச்சிக்கு சீபோர்க் விருந்தினராகச் சென்றார். புதிய தனிமங்கள் வேறு ஏதேனும் கண்டுபிடித்தீர்களா என்று ஒரு சிறுவன் கேட்டுவிட்டான். ஆம், 95-ஆம் தனிமமும் 96-ஆம் தனிமமும் என்று அவர் விடை சொன்னார். விஞ்ஞானிகளின் சபையில் முறைப்படி அறிவிப்பதற்குச் சில நாட்கள் முன்பே, ஒரு சிறுவனுக்கு விடையாக, இந்தச் செய்தி வானொலி வழியே வெளிவந்துவிட்டது.

இனி, கதிரியக்கத் தேய்வு என்பது என்ன என்று பார்ப்போம். இதற்கு ஆராய்ச்சிக்கூடம் வேண்டியதில்லை. நூறு புளியங்கொட்டைகள் போதும். தாயம் ஆடுவதற்கு ஒரு பக்கத்தைக் கல்லில் தேய்த்து வெள்ளையாக்கிக்கொள்வோம் அல்லவா? அதுபோல நூறு கொட்டைகளையும் தேய்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துத் தரையில் உருட்டுங்கள். வெள்ளைப் பக்கம் மேலாக விழுந்தவற்றை ஒதுக்கிவிடுங்கள். ஏறத்தாழ ஐம்பது எஞ்சும். எஞ்சியவற்றை மீண்டும் உருட்டினால் இருபத்தைந்தளவில் நிற்கும். அடுத்து, பன்னிரண்டோ பதின்மூன்றோ. எந்தக் கொட்டை எப்போது வெள்ளை காட்டும் என்று உங்களால் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வோர் உருட்டலிலும் பாதியளவு போகும் என்பதை உறுதியாகச் சொல்லலாம்.

அணுக்களின் கதையும் இதுவே. ஓர் அமெரிசிய அணு இந்த நொடியில் சிதையலாம். ஆயிரம் ஆண்டுகள் சும்மாவும் இருக்கலாம். ஆயினும் ஒரு குவியலை எடுத்துக்கொண்டால், அதில் பாதி சிதைவதற்கு ஆகும் காலம் மாறாது. அதனை அரை ஆயுள் என்கிறோம். அமெரிசியம்-241-க்கு அது ஏறத்தாழ 432 ஆண்டுகள். இங்கே இன்னொன்றையும் கவனியுங்கள். மூன்று முறை கறுப்பாக விழுந்த கொட்டை, நான்காம் முறை வெள்ளையாக விழ வேண்டும் என்று அவசரப்படுவதில்லை. பழைய உருட்டல்கள் அதற்கு நினைவில்லை. அணுவும் அப்படித்தான், அதற்கு முதுமை கிடையாது. நேற்றுப் பிறந்த அணுவுக்கும் நானூறு ஆண்டு கடந்த அணுவுக்கும் நாளை சிதையும் வாய்ப்பு ஒன்றே. மனிதர்களாகிய நமக்கு இந்தப் பேறு இல்லை.

வீட்டுப் புகையறி கருவியில் இருக்கும் அமெரிசியம் வழக்கமாக ஒரு மைக்ரோகியூரி அளவு. எடையில் ஒரு கிராமின் பத்து லட்சத்தில் ஒரு பங்கினும் குறைவு. அவ்வளவு சிறிய பொடியில் நொடிக்கு 37,000 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. பத்து ஆண்டுகளில் இந்த எண்ணிக்கை நூற்றுக்கு இரண்டு கூடக் குறைவதில்லை. கருவியின் மின்சுற்று பழுதுபடும், பிளாஸ்டிக் பழுப்பேறும், ஆலையே மூடப்படும். பொட்டு மட்டும் புதிது போலவே இருக்கும். 432 ஆண்டுகளுக்கு முன்பு மதுரையில் நாயக்கர்கள் ஆண்டுகொண்டிருந்தார்கள். அப்போது யாரேனும் இதனைப் புதைத்திருந்தால் இன்றும் பாதி நமக்காகக் காத்திருக்கும். சிதைந்த பாதியும் மறைந்து போவதில்லை. அது நெப்டியூனியம்-237 என்ற வேறு தனிமமாக மாறி நிற்கும். அதன் அரை ஆயுள் 21 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல்.

இதைக் கேட்டு அஞ்ச வேண்டாம். கதிரியக்கம் நமக்குப் புதிய விருந்தாளி அன்று. குமரிக் கரையில் மணவாளக்குறிச்சி என்ற ஊர் இருக்கிறது. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற கனிமம் உண்டு. அதில் தோரியம் என்னும் கதிரியக்கத் தனிமம் உண்டு. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றுச் சரக்கில் ஒட்டியிருந்த மணலைக் கண்டு, ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் 1909-ஆம் ஆண்டளவில் இதனைத் தேடி வந்தார் என்பது வரலாறு. அந்நாளில் தோரியம் எதற்கு வேண்டியிருந்தது தெரியுமா? வாயு விளக்குகளின் மேண்டிலுக்கு! எங்கள் இளமையில் மாரியம்மன் நோன்பிக்கும் கலியாண ஊர்வலத்துக்கும் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தலையில் சுமந்து வருவார்களே, அதன் வெள்ளை ஒளிக்குக் காரணம் அந்த மேண்டிலில் ஊறியிருந்த தோரியம். அதன் அரை ஆயுள் 1,400 கோடி ஆண்டு. கதிரியக்கத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டுதான் நாங்கள் அம்மன் அழைக்கப் போனோம்; அறியாமலே போனோம். பிற்காலத்தில் தோரியம் இல்லாத மேண்டில்களும் வந்துவிட்டன.

நம் உடம்பில் மட்டும் என்ன? நாம் உண்ணும் வாழைப்பழத்திலும் பருகும் இளநீரிலும் பொட்டாசியம் உண்டு. அதில் மிகச் சிறு பகுதி கதிரியக்கமுடையது. வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட பொட்டாசிய அணுக்கள் சிதைந்துகொண்டே இருக்கின்றன. ஆகவே கதிரியக்கம் உண்டா இல்லையா என்பது சரியான கேள்வி அன்று. எந்தக் கதிர், எவ்வளவு, உடலுக்கு வெளியிலா உள்ளிலா என்பவையே கேட்க வேண்டிய கேள்விகள்.

இந்த மூன்றாம் கேள்விதான் அன்றிரவு என் உறக்கத்தைக் கலைத்தது. ஆல்ஃபாத் துகளை ஒரு காகிதம் தடுக்கும். நம் மேல்தோலின் உயிரற்ற படலமும் தடுக்கும். கூடவே வரும் காமாக் கதிரோ வலுக்குறைந்தது. ஆகவே கூரையில் இருக்கும் வரை அந்தப் பொட்டால் கேடில்லை. ஆனால் அதே பொருள் தூளாகி மூச்சுடன் நுரையீரலுக்குள் சென்றால், அங்கே தடுப்பதற்குக் காகிதமும் இல்லை, மேல்தோலும் இல்லை. அது இரத்தத்தில் கலந்து எலும்பிலும் ஈரலிலும் தங்கிவிடும். தங்கிய இடத்தில் ஆண்டுக்கணக்காக உயிரணுக்களைத் தாக்கும். வாசலுக்கு வெளியே நிற்கும்போது சாதுவாகத் தோன்றுவது, வீட்டுக்குள் புகுந்தால் வேறு முகம் காட்டும்.

நான் அந்தத் தம்பியிடம் என்ன சொல்லி அனுப்பினேன்? ‘தங்கத்தோடு சேர்த்து அடித்த தகடு’ என்று சொன்னேன். பழைய கணிப்பொறிப் பலகைகளை அமிலத்தில் இட்டும் தீயில் வாட்டியும் அவற்றிலிருந்து தங்கம் எடுப்போர் உண்டு என்பதை அறியாதவனா நான்? காகிதமே தடுக்கும் என்ற பாதி உண்மையால் அவருடைய அச்சத்தைப் போக்கினேன். தங்கம் என்ற மற்றொரு சொல்லால் ஆசையை எழுப்பினேன். அச்சத்தை நீக்கி ஆசையை ஊட்டுவது எத்தகைய போதனை!

விடியும் முன்பே எழுந்து கடைக்குப் போனேன். அவர் அப்போதுதான் பூட்டைத் திறந்துகொண்டிருந்தார். பள்ளி விடுமுறையில் இருந்த அவருடைய மகன், திருப்புளியும் கையுமாக ஒரு மூலையில் உட்கார்ந்தான். பக்கத்தில் பழைய நெய் டின் ஒன்றில் இருபத்திரண்டு கருவிகள். அவற்றில் மூன்று திறந்து கிடந்தன.

“வாங்க அய்யா. நீங்க சொன்னதுக்குப் பொறகு, பொட்டையெல்லாம் தனியா எடுத்து வைக்கச் சொல்லியிருக்கறனுங்க. நாளைக்கு உருக்கறவர் வர்றாருங்க” என்றார் அவர்.

நான் பையனின் கையிலிருந்து திருப்புளியை வாங்கி வைத்தேன். இருவரும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பின்புதான் பேச்சைத் தொடங்கினேன். நேற்றுச் சொன்னதில் பாதியை விட்டுவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். இருபத்திரண்டையும் சேர்த்தாலும் தேறும் தங்கம் காற்காசுக்கும் ஆகாது; அதை உருக்கும்போது எழும் தூசியோ, உருக்குபவர் மார்பிலும் இந்தப் பையன் மார்பிலும் போய்த் தங்கும் என்று சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மகனைப் பார்த்து, “கண்ணு, இங்கே வா சாமி” என்று அழைத்துத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார்.

நல்ல வேளையாகத் தகடு ஒன்றும் கீறப்படவில்லை. கருவிகளைப் பிளாஸ்டிக் பைகளில் கட்டி, டின்னை மூடி, பிள்ளைகள் போகாத அறையில் பூட்டி வைத்தோம். கருவியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டில் விற்ற நிறுவனத்தின் பெயர் இருந்தது. அவர்களுக்கு எழுதினோம், தொலைபேசியிலும் பேசினோம். முதலில் தட்டிக்கழித்தார்கள். விடாமல் கேட்டதன் மேல் சில வாரங்கள் கழித்து ஆள் வந்து, எண்ணிக்கையைச் சரிபார்த்து, ரசீது கொடுத்து எடுத்துச் சென்றார்.

இவ்வளவு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2010-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் டில்லியில் மாயாபுரி என்ற பழைய இரும்புச் சந்தையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் பல ஆண்டுகள் பயன்படாமல் கிடந்த கருவி ஏலத்தில் விற்கப்பட்டு அங்கே வந்து சேர்ந்தது. அதனுள் இருந்த கோபால்ட்-60 என்ற பொருளைத் தொழிலாளர்கள் இன்னதென்று அறியாமல் உடைத்துப் பிரித்தார்கள். பலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டார்கள், ஒருவர் உயிரிழந்தார். கோபால்ட்டின் காமாக் கதிர் மிகக் கொடியது. அங்கே இருந்த அளவும் மிகப் பெரிது. எங்கள் டின்னில் இருந்ததை அதனோடு ஒப்பிடுவது தீக்குச்சியைக் காட்டுத்தீயோடு ஒப்பிடுவதாகும். ஆயினும் இரண்டு இடத்திலும் பிழை ஒன்றே: பயன் முடிந்த பொருளின் பொறுப்பும் முடிந்துவிட்டதாக எண்ணியது.

நம் நாட்டில் 1983-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இத்தகைய கருவிகளுக்கு விதிகள் வகுத்திருக்கிறது. கதிரியக்கப் பொருள் உள்ள புகையறி கருவியைக் குப்பையிலோ பழைய இரும்பிலோ போடலாகாது. விற்றவரிடமே திருப்பிச் சேர்க்க வேண்டும். ஆலை மூடும்போது இயந்திரங்களையும் பஞ்சுப் பொதிகளையும் கணக்கெடுக்கும் நாம், கூரையில் இருக்கும் இந்தப் பொட்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

அப்படியானால் இந்தக் கருவியே வேண்டாம் என்று முடிவு செய்துவிடலாமா? கூடாது. இது இன்னொரு பிழை. 2004 ஜூலை 16-ஆம் நாள் கும்பகோணத்துப் பள்ளியில் கூரை பற்றி எரிந்து 94 குழந்தைகள் மாண்டதை மறந்தவர் யார்? தீ நமக்கு அவகாசம் தருவதில்லை. தீயினும் முந்தி வருவது புகை. உறங்குகிறவரை நச்சுப் புகை எழுப்புவதில்லை. மேலும் ஆழ்ந்து உறங்கச் செய்கிறது. பஞ்சும் நூலும் துணியும் நிறைந்த நம் கொங்கு நாட்டில், கிடங்குகளிலும் தொழிலாளர் விடுதிகளிலும், நள்ளிரவில் விழித்திருந்து கூவும் காவலன் ஒருவன் கட்டாயம் வேண்டும்.

அந்தக் காவலன் அமெரிசியத்தோடுதான் வர வேண்டும் என்பதில்லை. ஒளிக்கற்றையைக் கொண்டு புகையை அறியும் கருவிகள் இப்போது பரவலாகக் கிடைக்கின்றன. அவற்றில் கதிரியக்கப் பொருள் இல்லை. சுடர் விட்டு விரைந்து எரியும் தீயை அமெரிசியக் கருவி முந்தி அறியும். கனன்று கனன்று புகையும் தீயை ஒளிக் கருவி முந்தி அறியும். பஞ்சுப் பொதியின் உள்ளே பிடிக்கும் தீ கனன்று புகைவதே மிகுதி என்பதை ஆலைக்காரர்கள் நன்கு அறிவார்கள். இடமறிந்து தேர்ந்துகொள்ளலாம். ஏற்கெனவே மாட்டியிருக்கும் அமெரிசியக் கருவியை அச்சத்தால் கழற்றி எறிய வேண்டாம். திறந்து பார்க்கவும் வேண்டாம். காலம் முடிந்ததும் உரிய இடத்தில் சேர்த்தால் போதும்.

அந்தப் பையன் இப்போது சில மாலைகளில் என் திண்ணைக்கு வருகிறான். நூறு புளியங்கொட்டைகளைத் தேய்த்து, உருட்டி, எஞ்சியதைக் கணக்கேட்டில் குறிக்கிறான். சென்ற முறை ஏழாம் உருட்டலுக்குப் பின்னும் ஒரு கொட்டை கறுப்பாகவே நின்றது. “அய்யா, இது எப்பத்தானுங்க போகும்?” என்று கேட்டான். “எனக்குத் தெரியாது சாமி, யாருக்கும் தெரியாது” என்றேன். முன்னொரு நாள் அவன் தந்தைக்கு, எல்லாம் தெரிந்தவன் போல விடை சொன்னேன். மகனுக்குச் சொன்ன இந்த விடையே மேலானது என்று எனக்குத் தோன்றுகிறது.